ஒரே டம்ளரில் எல்லா ஸ்க்ரூவும்

நம் வீட்டுக்கு வந்த முதல் லேப்டாப்பை நான் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. எங்கோ ஒரு பெரிய ஆபீஸில் கழித்துப்போட்ட சாமான். பூந்தமல்லி தாண்டுவதற்குள் தொடை மரத்துப் போய்விட்டது. கருப்பு நிறம், நாலைந்து பரீட்சை அட்டையை அடுக்கினால் என்ன தடிமன் வருமோ அந்தத் தடிமன். பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜர் செருகியிருந்தால்தான் அதற்கு உயிர். அந்த வருஷங்களில் பகலில் மணிக்கணக்கில் கரண்ட் போகும். கரண்ட் போனால் கூடவே இதுவும் போய்விடும்.

பாப்பா, உனக்கு அப்போது இரண்டு வயது. தம்பி பிறக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, ரோட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். லேப்டாப் வைக்க மேஜை கிடையாது. அரிசி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் பலகை போட்டோம்.

கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்கிறார்களே, பிராசசர், அதைப் பற்றி நீங்கள் இருவரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்தது கொஞ்சம்தான்.

விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறிப்போய் நான் ஐ.டி.ஐ. படித்தபோது, எங்கள் வகுப்புக்கு மொத்தமாக ஒரே ஒரு மைக்ரோபிராசசர் கிட் இருந்தது. பெட்டிக்குள் பச்சைப் பலகை. நடுவில் இரண்டு பக்கமும் கால் கால்களாக முளைத்த நீளமான கருப்புச் சில்லு, பார்க்கப் பூரான் மாதிரி. எண்பது எண்பத்தைந்து என்று அதைக் கூப்பிடுவோம். திரை கிடையாது. சிவப்பாக எரியும் சில எண்கள் மட்டும். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லி வாத்தியார் கரும்பலகையில் ஒரு நீளமான வரிசை எழுதிப்போட்டார். அதைப் பார்த்துப் பார்த்து ஒருவன் பொத்தான்களைத் தட்டினான். நாங்கள் எல்லாரும் அவன் தோளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஐந்து என்று எரிந்தது.

"பாத்தீங்களால?" என்றார் வாத்தியார், தானே பெற்ற பிள்ளை பேசிவிட்ட மாதிரி.

பின்னாலிருந்து ஒருவன், "சார், இத நானே சொல்லியிருப்பேன்" என்றான். அன்றைக்கு அவன் வெளியே நின்றான். ஆனால் எனக்கு அந்த ஐந்து மறக்கவில்லை. ஒரு கல்துண்டுக்கு மின்சாரம் கொடுத்தால் கூட்டுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

பிறகு இரண்டாயிரத்து ஏழில் இங்கே செல்போன் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். லைன் என்று சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டும். ஒரு நீளமான பெல்ட் ஓடும். ஆளுக்கு ஒரு இடம், ஆளுக்கு ஒரே வேலை. போர்டின்மேல் சின்னத் தகர மூடியை வைத்து அழுத்துவது என் வேலை. அந்த மூடிக்கு அடியில்தான் பிராசசர் இருக்கும். பழைய பூரான் இல்லை, விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம், கால்கூட வெளியே தெரியாது. என்னைத் தாண்டி எத்தனையோ போயிருக்கும். ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் மாப்பிள்ளையைப் பார்த்த கதைதான். மூடி வைத்தால் போர்டு நகர்ந்துவிடும், அடுத்தது வந்துவிடும்.

உங்கள் அம்மாவும் அதே ஹாலில் டெஸ்டிங்கில் நின்றவள்தான். மணிமங்கலம் பக்கத்துப் பெண். நீ பிறந்ததும் நின்றுவிட்டாள். லைனில் நின்றால் இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட் வரும், நைட் ஷிப்டும் வரும். வீட்டுக்கார அக்கா, "பகல்ல கொயந்தய நான் பாத்துக்கிறேன்மா, ராத்திரிக்கு மட்டும் என்னால ஆவாது" என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் அம்மாவுக்கு வேலை என்றால் ஜெனரல் ஷிப்ட் ஒன்றுதான் வழி. காலையில் போய்ச் சாயங்காலம் வருவது. லைனில் அப்படி ஒன்று கிடையாது. ஆபீஸ், ஸ்டோர்ஸ் இந்த மாதிரி இடங்களில்தான் உண்டு.

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தகவல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு போதும். ஆனால் ஒரு டெஸ்ட் உண்டு: வந்த சரக்கையும் போன சரக்கையும் எக்செல்லில் ஏற்றிக் காட்ட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்த வேலை வேண்டும். அவள் எதையும் வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள். அதனால்தான் ரிச்சி தெரு.

ஒரு மாதத்துக்கும் மேல் பழகினாள். சரக்குக்கு எங்கே போவது? சமையலறையையே ஸ்டோர்ஸ் ஆக்கிக்கொண்டாள். எவர்சில்வர் தட்டு, குண்டான், உப்பு, புளி எல்லாம் திரையில் ஏறியது. நான் ஒருநாள் அப்பளம் கேட்டேன்.

"ஸ்டாக் இல்ல."

"டப்பால இருக்கே, பாத்தேன்."

"அது மினிமம் ஸ்டாக்கு. அத எடுக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பித் தட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை டெஸ்ட் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையிலிருந்து லேப்டாப் மக்கர் செய்தது. போட்டால் உள்ளே விசிறி உறுமும். கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி காயும். அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். அவள் ஏற்றியதெல்லாம் போய்விடும்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் மாடியில் ஒரு சர்வீஸ் கடை உண்டு. சனிக்கிழமை அங்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"உள்ள தூசு அடச்சிகினு கீது. பிராசசர் சூடு வெளிய போவ வழி இல்ல, அது தன்ன காப்பாத்திக்க நின்னுப் பூடுது. வச்சிட்டுப் போ நைனா, செவ்வாக்கெயம தரேன்."

"திங்கக்கெழம டெஸ்ட்டுங்க."

"அப்போ நீயே கயட்டி ஊது. கம்பெனில போர்டு வேலதான பாக்குற?" என்று சொல்லி, ஒரு சின்ன ஊசிக்குழாயில், சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை கொடுத்தார். "பழசத் தொடச்சிட்டு இதத் தடவு. துளியூண்டு. சந்தனம் மாரி அப்பாத."

ஞாயிற்றுக்கிழமை என் பழைய ரூம்மேட்டுகள் இருவரைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவர் சாயல்குடி அண்ணன். எங்கள் லைனில் ஸ்க்ரூ போடுகிறவர். இன்னொருவன் தென்காசித் தம்பி. லைன் கடைசியில் உட்கார்ந்து கீறல், அழுக்கு, பிசிறு பார்க்கிறவன். அன்றைக்குக் கிருத்திகை. வல்லக்கோட்டைக் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து சேர்ந்தார்கள்.

கம்பெனியில் போர்டைத் தொடுவதற்கு முன்னால் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவோம். அதன் ஒயர் மேஜையோடு இணைந்திருக்கும். நம் உடம்பில் இருக்கும் மின்சாரம் சில்லைக் கொன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. வீட்டில் பட்டைக்கு எங்கே போவது? செம்புக் கம்பியை மூன்று பேரும் மணிக்கட்டில் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினோம். அந்த ஜன்னல் கம்பியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அது இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். உன்னை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஸ்க்ரூவை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாய் என்று பயம்.

"இன்னாங்க இது, மாட்ட கட்ற மாரி உங்கள நீங்களே கட்டிக்கினு கீறீங்க?"

"ஸ்டாட்டிக்" என்றேன்.

"மூணு பேரும் ஒரே ஜன்னல்ல. ரோட்ல போறவங்க பாத்தா நான்தான் கட்டிப்போட்டு சோறு போடாத வச்சிகிறன்னு சொல்லுவாங்க."

"சோறு போட்டுட்டா அப்படிச் சொல்ல மாட்டாங்க மதினி" என்றான் தென்காசித் தம்பி.

யார் எங்கே உட்காருவது என்று யாரும் பேசவில்லை. தானாகவே லைன் மாதிரி உட்கார்ந்துவிட்டோம். முதலில் சாயல்குடி அண்ணன், நடுவில் நான், கடைசியில் தம்பி. அண்ணன் ஸ்க்ரூ கழற்றுவார், நான் மூடியைத் திறப்பேன், தம்பி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீழே வைப்பான்.

"அண்ணே, இதுல கீறல் இருக்கு."

"பயய லேப்டாப்புல கீறல் இல்லாம இன்னா இருக்கும்?" என்றாள் அம்மா.

"இருந்தா சொல்லணும்லா மதினி. சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

அண்ணன் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, கழற்றிய ஸ்க்ரூவை எல்லாம் அதில் போட்டுக்கொண்டே வந்தார். கலகலவென்று விழுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

விசிறியைத் தூக்கினால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, பிராசசரின் சூட்டை இழுக்கும் செம்புக் குழாய் வைத்த தட்டையும் கழற்றினேன். அதற்குக் கீழே காய்ந்து பொருக்குத் தட்டின பழைய பசை. பஞ்சால் துடைத்தேன். உள்ளே இருந்தது கண்ணாடி. பாப்பா, சத்தியமாகக் கண்ணாடிதான். பச்சைச் சதுரத்தின் நடுவில், நகத்தளவுக்கு, கருநீலமாக மின்னுகிற ஒரு துண்டு. ஜன்னல் அதில் தெரிந்தது. நான் குனிந்தபோது என் மூக்கும் தெரிந்தது.

இத்தனை வருஷம் மூடி வைத்தவன் அன்றைக்குத்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பூரான் சில்லு, இரண்டும் மூன்றும் ஐந்து என்று சொன்னதே, அதன் பேரப்பிள்ளை இது. நீ எண்ணி முடிக்க முடியாத கணக்கை ஒரு கண் சிமிட்டலில் போடுகிறது என்கிறார்கள். பார்க்க ஒரு மூக்குத்திக் கல் மாதிரி சும்மா கிடக்கிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். நீயும் பார்த்தாய்.

"இதுக்கா இம்மாம் பெரிய டப்பா?" என்றாள்.

துளியூண்டு பசை தடவினேன். சந்தனம் மாதிரி அப்பவில்லை. பிறகு லைனைத் திருப்பி ஓட்டினோம். நான் மூடியை வைக்க, அண்ணன் ஸ்க்ரூ போட்டார். கம்பெனியில் அவர் கையில் இருப்பது மின்சார டிரைவர். ஸ்க்ரூ இறுகினதும் அது டக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். இங்கே கைத் திருப்புளி. சத்தம் வராது. டக் வரட்டும் என்று அவர் பழக்க தோஷத்தில் திருகிக்கொண்டே இருந்தார். டம்ளரில் கை விட்டு எது வருகிறதோ அதை எடுத்தார், எந்த ஓட்டை காலியோ அதில் போட்டார். ஒன்றும் மிச்சமில்லை. லைனில் ஸ்க்ரூ மிச்சமானால்தான் தப்பு. மிச்சமில்லை என்றால் நல்ல வேலை. நாங்கள் திருப்தியாக நிமிர்ந்தோம்.

தம்பிதான் முதலில் பார்த்தான். அதுதானே அவன் வேலை.

"அண்ணே, இங்க என்ன கொப்புளம் மாதிரி?"

கீ போர்டுக்குக் கீழே, விரலால் தேய்த்தால் அம்பு நகருமே அந்தச் சதுரம், டச்பேட், அதன் நடுவில் ஒரு மேடு. அடியிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூ முட்டிக்கொண்டிருந்தது.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எத்தினி வருசமாண்ணா ஸ்க்ரூ போட்டுக்கினு கீறீங்க நீங்க?"

சாயல்குடி அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "போடுறதென்னமோ நெசந்தேன் தாயி. ஆனா எங்க லைன்ல எல்லா ஸ்க்ரூவும் ஒரே சைசு."

அதுதான் விஷயம். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஸ்க்ரூ என்றால் சின்னது பெரியது என்று பிரித்து வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வேறு யாராக இருந்தாலும், ஒரு சைக்கிள் கடைக்காரராக இருந்தாலும்கூட, தோன்றியிருக்கும்.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினோம். அம்மா உன்னை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிண்ணங்களை எடுத்து வந்தாள். நீளம் ஒன்றில், நடுத்தரம் ஒன்றில், குட்டை ஒன்றில். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு ஆழம் பார்த்து, அதற்கேற்ற ஸ்க்ரூவை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். அவர் திருகினார். "போதும்" என்று அவள் சொன்னதும் நிறுத்தினார். டக் சத்தத்துக்குப் பதில் அது.

போட்டதும் லேப்டாப் ஓடியது. சூடே இல்லை. விசிறி பூனை மாதிரி மெதுவாக இருந்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் அம்பு நகரவில்லை. டச்பேட்டின் கொப்புளம் அமுங்கிவிட்டது, உயிர் போய்விட்டது. எவ்வளவு தேய்த்தாலும் அம்பு திரையின் நடுவில் அப்படியே நின்றது.

ஒரு மவுஸ் வாங்கிச் செருகினால் தீர்ந்தது. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். சத்திரத்தில் அன்றைக்குச் செல்போன் கவர் இருந்தது, இயர்போன் இருந்தது, மவுஸ் மட்டும் ஒரு கடையிலும் இல்லை. சர்வீஸ் கடை மதியமே பூட்டியாகிவிட்டது. வெறுங்கையோடு வந்தான்.

உங்கள் அம்மா தட்டுகளை எடுத்து வைத்தாள். எங்களுக்குச் சோறு போட்டாள். அவள் திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும். கடைசியில், "எனுக்கு இன்னும் கூட்டல் சரியா வர்ல. இன்னைக்கு ஒரு நாளு ஒக்காந்தா வந்துருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

நான் சர்வீஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஏதோ விருந்தில் இருந்தார், பின்னால் ஒரே சத்தம்.

"அம்பு இன்னாத்துக்கு? கீ போர்டு கீதா இல்லியா? ஆல்ட்ட அமுக்கு. மேல இருக்கிற பேருங்கள்ல ஒவ்வொண்ணுலயும் ஒரு எயுத்துக்குக் கீய கோடு தெரியும். அந்த எயுத்த அமுக்கினா அது தொறக்கும். உள்ள போறதுக்கு அம்புக்குறி பட்டன். அவ்ளோதான்" என்று வைத்துவிட்டார்.

அமுக்கினோம். கோடு தெரிந்தது. திறந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அம்மா பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் விரல் டச்பேட்டுக்கே போகும். தென்காசித் தம்பி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை இறங்கினால் உடனே, "மதினி, ரிஜெக்ட்" என்பான்.

"தே, சும்மா இரு தம்பி."

"கை கீழ போச்சுல்லா. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க?"

முதலில் சொல்லுக்குச் சொல் ரிஜெக்ட் வாங்கினாள். பிறகு குறைந்தது. ஒரு கட்டத்தில் தம்பி ரொம்ப நேரமாக ஒன்றும் சொல்லவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கவனமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல ஒன்றும் இல்லை. கூட்டலும் வந்துவிட்டது. சாயல்குடி அண்ணன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் நடந்துகொண்டிருந்தார். ஸ்க்ரூ பக்கம் அதற்கப்புறம் அவர் வரவில்லை.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் உன்னைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ஒரகடம் போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நீ லாரிகளுக்கெல்லாம் டாட்டா காட்டினாய். வெயில் ஏறினபிறகு அம்மா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு?"

"பெரிய கம்ப்யூட்டர்ங்க. பக்கத்துலயே மவுஸ் வச்சிருந்தாங்க."

"நல்லதாப் போச்சு."

"நான் எங்க அதத் தொட்டேன்? நேத்துலேர்ந்து கை பயந்து போய்க் கீது. கை அந்தப் பக்கம் போனா உங்க தம்பி காதுக்குள்ள வந்து ரிஜெக்ட்டுன்றாரு. எல்லாத்தையும் பட்டன்லியே போட்டுக்கினு இருந்தேன். ஒரு சாரு வந்து நின்னுப் பாத்தாரு. ஏம்மா, மவுஸ் வேல செய்யலியான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"செய்யும் சார், எனுக்கு இப்டித்தான் வரும்ன்னேன்."

"அதுக்கு?"

"அப்டியே போய்ட்டாரு. எனுக்கு முன்னாடியே ரெண்டு பேரு முடிச்சிட்டாங்க. நான் மூணாவது." கொஞ்சம் தள்ளி நடந்தபிறகு, "ஆனா கூட்டல் சரியா வந்துச்சி" என்றாள்.

அந்த வாரம் வீட்டில் போன் அடித்தால் இரண்டு பேரும் பாய்வோம். வெள்ளிக்கிழமை நான் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஜெனரல் ஷிப்ட். போனை வைத்துவிட்டு அம்மா என் டிபன் பாக்ஸில் அப்பளம் பொரித்து வைத்தாள். டப்பாவில் கடைசியாக இருந்ததையும் சேர்த்து.

முதல் நாள் சாயங்காலம் நீயும் நானும் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. கம்பெனி பஸ் வந்து நின்று, இறங்கியவர்களில் அம்மாவைக் கண்டதும் நீ என் இடுப்பிலிருந்தே தாவினாய். அவள் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாய். "தே, அத துன்னாத, நாளைக்கு அது இல்லன்னா உள்ள வுட மாட்டாங்க" என்று உன் வாயிலிருந்து மெதுவாகப் பிடுங்கினாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வேலை எப்படி என்று நான் கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள். குடோன் எவ்வளவு பெரியது, யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள், மத்தியானம் கேன்டீனில் என்ன போட்டார்கள். நீ இடையிடையே அவள் முகத்தை உன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். இருட்டினதும் நான் கிளம்பிப் போவேன். பகலெல்லாம் வேலைக்குப் போய்வந்த உன் அம்மா உன் பக்கத்தில் படுத்திருப்பாள். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு டீ சொன்னேன்.